குறுக்கெழுத்தில் முட்டி நிற்கும்போது விடையைப் பார்த்துவிடுவது ஏமாற்று வேலையா?

தாராளமாக விடையைப் பார்க்கலாம். யார் வந்து கேட்கப் போகிறார்கள்? ஆனால் ஒரு ராத்திரி தள்ளிப் போட்டுவிட்டுப் பாருங்கள். கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். மீதியெல்லாம் என் சொந்தப் புலம்பல், நேரமில்லாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்டிருக்கும் தொனியைப் பார்த்தால் முக்கால்வாசியை முடித்துவிட்டீர்கள், ஏதோ ஒரு மூலையில் மட்டும் நாலைந்து வெள்ளைக் கட்டங்கள் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கின்றன என்று தோன்றுகிறது. கைபேசியில் போடுகிறவர் என்றால் 'ஓர் எழுத்தைக் காட்டு' என்ற பொத்தான் வேறு ஆசை காட்டும். அந்த மூலையை எனக்கு நன்றாகத் தெரியும். என் மானம் போன இடம் அது.

சில வருடங்களுக்கு முன் ஒரு வார இதழின் குறுக்கெழுத்தை விடாமல் போட்டுக்கொண்டிருந்தேன். பேனாவால்தான் போடுவேன். பென்சில் எல்லாம் பயந்தாங்கொள்ளிகளுக்கு என்று ஒரு திமிர். அந்த வாரம் இடமிருந்து வலம் 7: "ஞாயிறு மறைந்தபின் வருவது (4)". இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருட்டு. இ, ரு, ட், டு, நாலு எழுத்து கச்சிதமாக உட்கார்ந்தது. மை ஊறுகிற மாதிரி கொட்டை எழுத்தில் எழுதினேன்.

அப்புறம் மேலிருந்து கீழ் 8: "ஆற்றுக்கும் உண்டு, வேட்டிக்கும் உண்டு (2)". படித்த மாத்திரத்தில் 'கரை' என்று தெரிந்துவிட்டது. சரி, எழுதலாம் என்று எட்டாம் எண்ணைத் தேடினால் கட்டத்தில் எட்டே இல்லை! ஏழு இருக்கிறது, ஒன்பது இருக்கிறது, எட்டைக் காணோம். வரிசை வரிசையாக விரல் வைத்துத் தேடினேன். விடை கையில் இருக்கிறது, வைக்க இடமில்லை. இதைவிட எரிச்சலான நிலைமை குறுக்கெழுத்தில் வேறு கிடையாது.

விடவில்லை. இதழுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். "புதிர் அமைப்பவருக்குக் கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா?" என்று ஆரம்பித்து ஒரு பக்கம். போகிற போக்கில் குறிப்புகளில் இருந்த இரண்டு சந்திப்பிழைகளையும் சுட்டிக்காட்டியிருந்தேன். மூன்றாம் நாள் ஒரே வரியில் பதில் வந்தது: "ஏழாவது விடையை அழித்துவிட்டுப் பாருங்கள், எட்டு அதற்கு அடியில் இருக்கிறது."

தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூன்றாவது கட்டத்தில் நான் போட்டிருந்த ட்-டின் நிமிர்ந்த கோடு சரியாக இடது மூலையில் ஏறியிருந்தது. அதற்குப் பின்னால் கடுகு மாதிரி ஒரு 8.

ஞாயிறு என்றால் சூரியன். அது மறைந்தால் வருவது நிலா. ஞாயிறு என்பது கிழமை என்றால் அது போனதும் வருவது அடுத்த கிழமை. எப்படிப் பார்த்தாலும் திங்கள். மூன்றாவது எழுத்து க. அங்கிருந்துதான் கரை கீழே இறங்குகிறது. அந்த மனிதர் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் வைத்திருந்தார்.

இதில் இன்னொரு அவமானமும் உண்டு. எண் தெரியாமல் போனால் என்ன, அந்தக் கட்டத்துக்கு மேலே கறுப்பு, கீழே வெள்ளை. அப்படியென்றால் ஒரு சொல் அங்கே தொடங்குகிறது. தமிழில் எந்தச் சொல்லும் புள்ளி எழுத்தில் தொடங்காது என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். ட் அங்கே வரவே முடியாது. அதைப் பார்த்திருந்தால் அந்த மின்னஞ்சலே போயிருக்காது.

அதனால்தான் ஒரு ராத்திரி பொறுக்கச் சொல்கிறேன். நாம் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் காலிக் கட்டத்தில் இல்லை. ஏற்கெனவே நிரப்பிவிட்டு 'இது சரி' என்று திரும்பிக்கூடப் பார்க்காத கட்டத்தில். உடனே விடையைப் பார்த்தால் காலிக் கட்டம் நிரம்பிவிடும், எங்கே கோணலாக யோசித்தோம் என்பது தெரியாமலே போய்விடும். மறுநாள் பார்த்தால் அதே குறிப்பு வேறு மாதிரி வாசிக்கும். "ஐந்தைத் தாண்டியதும் நனைந்தோம் (2)" என்று ஒன்று. ஒரு சாயங்காலம் முழுக்க மணியை நினைத்துக்கொண்டு, ஐந்து மணிக்கு மேல் மழை, ஐந்து மணிக்கு மேல் பனி என்று அலைந்தேன். காலையில் பல் தேய்க்கும்போது, யோசிக்காமலே, 'ஆறு' என்று வந்து விழுந்தது. அந்த நொடிக்காகத்தான் இந்தப் பிழைப்பே. விடைப் பக்கத்தில் அதே ஆறைப் பார்த்திருந்தால் "ஓ, இதுவா" என்று பக்கத்தைப் புரட்டியிருப்பேன்.

நீங்கள் தமிழில் போடுகிறவர் என்றால் இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு கட்டத்தில் அ, இ மாதிரித் தனி உயிரெழுத்து வந்து, அதில் குறுக்கும் நெடுக்கும் இரண்டு சொற்கள் வெட்டினால், இரண்டும் அங்கேயே தொடங்கியாக வேண்டும். உயிரெழுத்து சொல்லின் நடுவில் வராது. (செய்யுளில் ஓசைக்காக நடுவில் உயிரெழுத்தைச் சேர்க்கும் அளபெடையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள், எந்தக் கட்டத்திலும் நான் அளபெடையைப் பார்த்ததில்லை.) இந்த மாதிரி இலக்கணத்தை வைத்தே பாதி சந்தேகம் தீரும்.

ஆனால் நம் புதிர்களில் எனக்கு ஒரு தீராத கோபம் உண்டு. 'கலைந்துள்ளது'. சிலேடையாக எழுத்தைக் கலைக்கும் குறிப்பைச் சொல்லவில்லை, அது அழகு. "காடு, கலைந்துள்ளது", "அரசன், தலை இல்லை", "நதி, வால் மட்டும்" என்று போட்டு, விடையையே குலைத்தும் வெட்டியும் கட்டத்தில் எழுதச் சொல்கிறார்களே, அதைச் சொல்கிறேன். போதாததற்கு வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று தனித்தனிப் பட்டியல். சொல் கட்டத்தில் உட்காரவில்லை என்றால் அமைப்பவர் கட்டத்தை மாற்ற வேண்டும். சொல்லின் தலையை வெட்டி நம்மிடம் கொடுப்பது என்ன நியாயம்?

"நீ ஒரு கட்டம் அமைத்துப் பார், அப்போது தெரியும்" என்பீர்கள். பார்த்தேன். ஏழுக்கு ஏழு. மேல் வரிசையில் பெருமையாக 'வெற்றி' என்று எழுதினேன். ற் புள்ளி எழுத்து, அதிலிருந்து எதுவும் இறங்காது. றி-யில் தொடங்கும் தமிழ்ச் சொல்லே கிடையாது. மிஞ்சியது வெ. 'நண்பன்' போட்டேன், ந-வும் ப-வும் தப்பின, ண், ன் இரண்டும் சுவர். மூன்று நாளில் கைவிட்டேன். கஷ்டம் தெரிகிறது, ஒப்புக்கொள்கிறேன். கோபமும் அப்படியே இருக்கிறது.

'இதெல்லாம் வெட்டி வேலை' என்று பின்னூட்டம் போட ஒருவர் வருவார், அவருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 1913 டிசம்பர் 21-இல் நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் ஆர்தர் வின் வைர வடிவத்தில் முதல் குறுக்கெழுத்தைப் போட்டார். 1924-இல் ஊரே அதன் பின்னால் ஓடியபோது நியூயார்க் டைம்ஸ் இதைப் பாவகரமான விரயம் என்று திட்டி எழுதியது. அதே டைம்ஸ் 1942 பிப்ரவரி 15-இல் தானே குறுக்கெழுத்தை ஆரம்பித்து இன்றுவரை விடவில்லை. மூளைக்கு நல்லது, மறதி வராது என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். எனக்குப் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

உண்மையான ஏமாற்று வேலை எது தெரியுமா? நாம் இரண்டு நாளாக வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் தாளைத் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, யாரும் கேட்காமலே விடையைச் சொல்லிவிட்டுப் போகிறார்களே, அது. எங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார். பெயர் சொல்லவில்லை, இதைப் படிப்பார். உங்களிடம் விடைப் பக்கம் இருக்கிறது, நீங்களாக மனசு வைத்தால்தான் திறப்பீர்கள். அந்தச் சுதந்திரம்கூட எனக்கு இல்லை.

இந்த வாரம் எனக்கு ஒன்று பாக்கி: "நான்கு சேர்ந்தால் ஒன்று, இரண்டு இருந்தால் நடக்கலாம் (2)". மூன்று நாளாகிறது. இந்த முறை பென்சில். தெரிந்தவர்கள் தயவுசெய்து பின்னூட்டத்தில் எழுதிவிடாதீர்கள்.