கார் சாவி தொலைந்துவிட்டால் மாற்றுச் சாவி செய்ய எத்தனை நாள் ஆகும்?

கேள்வி கேட்டவர் நம்ம திருநெல்வேலிக்காரர். காரின் ஒரு சாவி தொலைந்துவிட்டது, புதுசு செய்ய எவ்வளவு நேரம் பிடிக்கும், ஷோரூமுக்குத்தான் போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்.

இன்னொரு சாவி கையில் இருக்கிறதென்றால் கவலையே வேண்டாம். பெரும்பாலான வண்டிகளுக்கு வெளியில் சாவி செய்கிறவரிடம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இருந்த சாவி மொத்தமும் போய்விட்டால், விவரம் தெரிந்த ஆள் கிடைத்தால் அரை நாள், ஒரு நாள். ஷோரூம் வழியாகப் போனால் ஒரு வாரத்தில் வரலாம், இரண்டு மூன்று வாரமும் இழுக்கலாம்.

சாவியை வெட்டுவதற்கு நேரமே ஆகாது. டவுனிலோ பாளையிலோ சாவிக் கடையில் நின்று பார்த்திருப்பீர்கள். மெஷினில் ஒரு பக்கம் பழைய சாவி, மறுபக்கம் வெட்டாத சாவி. பழைய சாவியின் பல்லை ஒரு முனை தடவிக்கொண்டே போகும், அதே மேடு பள்ளத்தில் இந்தப் பக்கம் சக்கரம் வெட்டிக்கொண்டு வரும். உலோகத் தூள் சிதறும். கடைசியில் அரத்தை வைத்து நாலு இழுப்பு இழுத்து, பிசிரை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார். சிப் இல்லாத பழைய மாருதி 800, அம்பாசடர் மாதிரி வண்டிகளுக்கு அத்தோடு வேலை முடிந்தது. ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் சாவி ரெடி. பல்லுக்குப் பதிலாகத் தகட்டின் முகத்தில் வளைந்து வளைந்து பள்ளம் ஓடும் லேசர் கட் சாவி என்றால் வேறு மெஷின் வேண்டும், அது எல்லாக் கடையிலும் இருக்காது. போகும் முன் போனில் கேட்டுவிடுங்கள்.

இப்போதைய கார்களில் நேரம் பிடிப்பது கோடிங்குக்கு, அதாவது புதுச் சாவியை வண்டிக்கு அடையாளம் காட்டும் வேலைக்கு. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சின்ன சிப் இருக்கும். சில சாவிகளில் அது கண்ணாடிக் குழல், நெல்மணியை விடக் கொஞ்சம் பெரிது. சிலவற்றில் கறுப்பாக ஒரு துண்டு. அதற்குத் தனியாக பேட்டரி கிடையாது. சாவியை இக்னிஷனில் போட்டதும், பூட்டைச் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள் அதற்கு மின்சாரம் கொடுத்து உள்ளிருக்கும் எண்ணைப் படிக்கும். அந்த எண் வண்டியின் நினைவில் இருந்தால்தான் எஞ்சின் ஓடும். இதற்குத்தான் இம்மொபிலைசர் என்று பெயர். ஆகவே வெறும் சாவியை மட்டும் வெட்டி வாங்கினால் கதவு திறக்கும், வண்டி ஸ்டார்ட் ஆகாது.

ஒரு சாவி இருந்தால், பல வண்டிகளில் அதன் சிப்பை அப்படியே இன்னொரு சிப்பில் நகல் எடுத்துவிடலாம். இல்லையென்றால் வண்டியின் கம்ப்யூட்டரோடு கருவியை இணைப்பதற்கென்று ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி போர்ட்டில் கருவியை மாட்டிப் புதுச் சாவியைப் பதிவு செய்வார்கள். இப்படிப் பதிவு செய்யும்போது பல மாடல்களில் பழைய பதிவு எல்லாம் அழிந்துவிடும். அதனால் வீட்டில் இருக்கிற சாவி அத்தனையையும் கொண்டு போக வேண்டும். ஒன்றை விட்டுவிட்டுப் போனால், அந்தச் சாவி அன்றோடு செல்லாது.

ஷோரூமில் ஏன் இத்தனை நாள்? பல கம்பெனிகளின் சாவி இங்கே ஸ்டாக்கில் இருப்பதில்லை. சேசிஸ் நம்பரைக் கொடுத்து ஆர்டர் போட்டு, அது வந்த பிறகுதான் கோடிங். ஆர்சி, அடையாள அட்டை கேட்பார்கள். தொலைந்துபோனது என்றால் சில இடங்களில் போலீஸில் புகார் கொடுத்த சிஎஸ்ஆர் ரசீதும் கேட்பார்கள். கேட்கட்டும், நல்லதுதான். யார் வந்து கேட்டாலும் சாவி செய்து கொடுக்கிற ஊரில் கார் தங்காது. வெளியில் சாவி செய்பவரும் ஆர்சியைப் பார்க்காமல் வேலையைத் தொடங்கினால் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வராது.

போன சீசனில் என் சித்தப்பா குற்றாலம் ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்தார். டவுசர் பாக்கெட்டில் சாவி இல்லை. அந்தத் தண்ணீரில் எங்கே போய்த் தேடுவது? சின்னம்மா பாளையில் பீரோவிலிருந்த இன்னொரு சாவியை எடுத்துத் தர, தம்பி தென்காசி பஸ்ஸில் கொண்டு போய்ச் சேர்த்தான். சாயங்காலத்துக்குள் வண்டி வீடு வந்துவிட்டது. மறுநாள் சாவிக்காரர் வீட்டுக்கே வந்தார். "அண்ணாச்சி, தொலைஞ்சத அழிச்சிரட்டுமா?" என்று அவராகவே கேட்டது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அழித்துவிட்டால் அந்தச் சாவி யார் கையில் கிடைத்தாலும் வண்டியைக் கிளப்ப முடியாது. தெருவில் வைத்துத் தொலைத்தவர்கள் இதை அவசியம் கேட்டுச் செய்ய வேண்டும்.

அந்த பீரோச் சாவி மட்டும் இல்லையென்றால் வண்டியைத் தூக்கி ஏற்றிக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும். அதனால் என் கருத்து இதுதான்: ஒரு சாவி மிச்சம் இருக்கும்போதே இந்த வாரமே அடுத்ததைச் செய்துவிடுங்கள். பழைய கார் வாங்குகிறவர்கள் இரண்டு சாவியையும் கேட்டு வாங்குங்கள். புது வண்டியோடு சாவி எண் பொறித்த சிறு தகடு தந்தால் அதைச் சாவிக் கொத்தில் மாட்டாமல் ஆர்சியோடு வையுங்கள். அந்த எண் இருந்தால் பூட்டைக் கழற்றாமலே சாவி வெட்டலாம்.

இன்சூரன்ஸையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி திருடுபோய் கிளெய்ம் போட்டால் இரண்டு சாவியையும் கேட்பார்கள். ஒன்று தொலைந்திருந்தால் அதற்குப் புகார் ரசீது கையில் இருப்பது நல்லது. சாவிக்கான தனி ஆட்-ஆன் எடுத்திருந்தால்தான் புதுச் சாவிச் செலவு கிடைக்கும். சாதாரண பாலிசியில் வராது.

பட்டன் ஸ்டார்ட் வண்டியின் ஸ்மார்ட் கீ வேலை செய்யவில்லை என்றால் உடனே புதுச் சாவிக்கு ஓடாதீர்கள். முதலில் உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்; பல சாவிகளில் சிஆர் 2032 தான், கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

அப்புறம், புதுச் சாவியை வாங்கியதும் காசு கொடுக்கும் முன் அங்கேயே எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒன்றிரண்டு நிமிடம் ஓட விடுங்கள். சில வண்டிகள் சாவியை ஏற்காவிட்டாலும் ஸ்டார்ட் ஆகி, இரண்டே நொடியில் நின்றுவிடும். ரிமோட்டை விட்டுவிட்டு, டிரைவர் பக்கக் கதவைச் சாவி போட்டுத் திருப்பிப் பாருங்கள். வண்டியின் பேட்டரி இறங்கிப்போன அன்றைக்குக் கதவைத் திறக்க சாவியின் அந்த உலோகப் பகுதி ஒன்றுதான் உதவும். அது சிக்கித் திரும்பினால் அரத்தை எடுத்து இன்னும் கொஞ்சம் தேய்த்துத் தரச் சொல்லுங்கள்.