வேகமாக வளரும் ஸ்டார்ட்அப்பில் வேலை: கேட்டவர்களுக்குப் பதில்

ஒரு ஸ்டார்ட்அப்பில் பதினான்காவது ஆளாகச் சேர்ந்தேன். நாலு வருஷம் கழித்து வெளியே வந்தபோது 300 பேர் இருந்தார்கள். ஆபரேஷன்ஸ் வேலை. அதனால் கோடிங், முதலீடு திரட்டுவது பற்றி நான் சொல்லி நீங்கள் கேட்க வேண்டாம். உள்ளே வேலை செய்வது எப்படி இருக்கும் என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: பெரிய கம்பெனியில் ஆறு வருஷம் இருந்துவிட்டேன். ஸ்டார்ட்அப்பில் உண்மையிலேயே என்ன வித்தியாசம்?

வேலை அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பெரிய வித்தியாசமே இல்லை. நீங்கள் சேர்ந்த வேலை ஆறு மாதத்தில் இருக்காது, அதுதான் வித்தியாசம்.

நான் சேர்ந்தபோது வாடிக்கையாளர் புகார், வெண்டர் பில், புது ஆளுக்கு லேப்டாப் வாங்குவது எல்லாம் என் தலையில். பதினாலு பேர் என்றால் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள 91 ஜோடிகள். ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்தால் விஷயம் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். 60 பேர் ஆனதும் அது 1,770 ஜோடி. இப்போது யாராவது எழுதி வைக்காவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. 300 பேரில் 44,850. நேற்று நடைபாதையில் நின்று எடுத்த முடிவுக்கு இன்று ஒரு மீட்டிங், ஒரு படிவம், இரண்டு ஒப்புதல். "கம்பெனி கெட்டுப்போச்சு" என்று பழைய ஆட்கள் வருத்தப்படுவார்கள். நானும் வருத்தப்பட்டேன். கெட்டுப்போகவில்லை, ஆள் கூடிவிட்டது.

ஆகவே உங்களுக்கு வேண்டிய திறமை, கையில் உள்ள வேலையை அடுத்தவருக்குச் சுத்தமாகக் கைமாற்றிவிட்டு நகர்வது. ஆறு வருஷப் பழக்கத்தில் "இது என் வேலை" என்று பிடித்துக்கொண்டால் கஷ்டப்படுவீர்கள்.

கேள்வி: சம்பளம் எவ்வளவு கேட்கலாம்?

துறையும் ஊரும் தெரியாமல் சொல்ல முடியாது. பேசி முடித்த தொகையை ஆஃபர் லெட்டரில் வாங்குங்கள். "ஆறு மாதத்தில் ஏற்றித் தருகிறோம்" என்றால் அந்த வரியும் அதில் இருக்க வேண்டும்.

கேள்வி: என்னை விடப் பின்னால் வந்தவரை எனக்கு மேலே போட்டுவிட்டார்கள். வேலையை விட்டுவிடலாமா?

எனக்கும் நடந்தது. இரண்டாவது வருஷம், வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து எனக்கு மேலே வைத்தார்கள். இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை. அவர் ஏற்கெனவே 500 பேர் கொண்ட அணியை நடத்தியவர், நான் நடத்தியது ஐந்து பேரை. நிறுவனருக்கு அடுத்த வருஷத்துக்கான ஆள் தேவைப்பட்டது. என்னைத் தண்டிப்பதற்காகச் செய்யவில்லை. அது புரிய எனக்கு வெகுநாள் ஆயிற்று.

மூன்று மாதம் பாருங்கள். புதியவர் உங்களுக்கு ஏதாவது கற்றுத் தருகிறாரா? உங்கள் பழைய அனுபவத்தைக் கேட்டுக்கொள்கிறாரா? என் விஷயத்தில் இரண்டுக்கும் ஆம். வேலைக்கு ஆள் எடுப்பது எப்படி என்பதை அவரிடம்தான் கற்றேன். இரண்டுக்கும் இல்லை என்றால் வெளியே தேடுங்கள், தப்பே இல்லை.

கேள்வி: ஸ்டாக் ஆப்ஷன் 10,000 தருகிறார்கள். நல்லதா?

ஆப்ஷன் என்றால் கம்பெனிப் பங்கை, முன்பே குறித்த விலைக்குப் பின்னாளில் வாங்கிக்கொள்ளும் உரிமை. மொத்தப் பங்கு எத்தனை? ஒரு கோடி என்றால் உங்களுடையது 0.1 சதவீதம், பத்துக் கோடி என்றால் 0.01. மொத்தம் தெரியாத எண்ணிக்கைக்கு அர்த்தமில்லை. பெரும்பாலும் நாலு வருஷ வெஸ்டிங், அதாவது அந்த உரிமை நாலு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உங்களுடையதாகும். முதல் வருஷம் முடியாமல் எதுவும் கிடைக்காது. வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் காசு கட்டி வாங்க வேண்டும் என்றும் கேளுங்கள். பல இடங்களில் 90 நாள்தான். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொருவர்: ஆப்ஷன் எல்லாம் வெறும் காகிதம். யாரும் நம்ப வேண்டாம்.

அவருக்கு மறுப்பாக வேறொருவர்: 2014-இல் வாட்ஸ்அப்பை ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது அங்கே சுமார் 55 பேர்தான். அதுவும் காகிதமா?

இரண்டு பேரும் பாதி சரி. வாட்ஸ்அப் நடந்தது உண்மை. அடுத்த வருஷம் இன்னொன்றும் நடந்தது: குட் டெக்னாலஜி என்ற நிறுவனம். ஒரு காலத்தில் 100 கோடி டாலருக்கு மேல் மதிப்பிட்டிருந்தார்கள். 2015-இல் பிளாக்பெர்ரி 42.5 கோடி டாலருக்கு வாங்கியது. ஊழியர்களின் சாதாரணப் பங்கு ஒன்றுக்குக் கிடைத்தது 44 சென்ட்.

மறுத்தவர் மீண்டும்: 42.5 கோடி வந்ததே! ஊழியர்களுக்கு எப்படிப் போகாமல் இருக்கும்?

இதைப் பொறுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல மனிதர்கள் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள். முதலீட்டாளர் வைத்திருப்பது முன்னுரிமைப் பங்கு. விற்கும்போது முதலில் அவர் போட்ட பணத்தை எடுத்துக்கொள்வார். அவர்கள் 100 கோடி போட்ட கம்பெனி 90 கோடிக்கு விற்றால் அந்த 90-உம் அவர்களுக்கே. ஊழியர் கையில் பூஜ்யம். செய்தியில் மட்டும் "90 கோடிக்கு விற்பனை" என்று வரும். அதனால் எத்தனை கோடி திரட்டினார்கள் என்பதை மகிழ்ச்சியாகக் கேட்டால் போதாது. உங்களுக்கு முன்னால் வரிசையில் அவ்வளவு பணம் நிற்கிறது என்றும் அதற்கு அர்த்தம்.

காகிதம் என்றவர்: அப்போ நான் சொன்னதுதானே சரி?

இல்லை. மாதச் செலவுக்குச் சம்பளம் போதுமானதாக இருக்கட்டும். ஆப்ஷன் வந்தால் வரட்டும் என்று வாங்கி வையுங்கள். வேண்டாம் என்று ஏன் சொல்ல வேண்டும்? அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள், அவ்வளவுதான். இதற்கு மேல் இந்த வாதத்தை வளர்க்க வேண்டாம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: கம்பெனி மூழ்கப் போகிறது என்று முன்கூட்டித் தெரியுமா?

பெரும்பாலும் தெரியும். கையில் இருக்கும் பணத்தை ஒரு மாத நஷ்டத்தால் வகுத்தால் எத்தனை மாதம் தாங்கும் என்பது வந்துவிடும். இன்டர்வியூவிலேயே கேளுங்கள். நல்ல நிறுவனர் சொல்வார். உள்ளே இருக்கும்போது பார்க்க வேண்டியவை: வெண்டர் பில் தாமதம், நிதிப் பிரிவில் இருப்பவர் திடீரென்று விலகுவது, எல்லோரும் கூடும் மாதாந்தர மீட்டிங்கில் வருமான எண்ணைக் காட்டுவது நின்றுபோவது. சம்பளம் ஒரு தடவை தள்ளிப்போனால் அன்றிரவே ரெஸ்யூமேயைச் சரிசெய்யுங்கள். "அடுத்த வாரம் சேர்த்துத் தருகிறோம்" என்றால் மெயிலில் கேளுங்கள். எழுத்தில், எழுத்தில்.

கேள்வி: ராத்திரி பத்து மணி வரை இருந்தால்தான் மதிப்பார்களா?

முதல் சில மாதம் சில இரவுகள் போகும். ஒரு வருஷமாகத் தினமும் என்றால் ஆள் போதவில்லை என்று அர்த்தம், அதை நிறுவனரிடம் கணக்கோடு காட்டுங்கள். நான் காட்டாமல் தாங்கிக்கொண்டேன். உடம்பு கெட்டு ஒரு மாதம் வீட்டில் இருந்தபோது என் வேலைக்கு மூன்று பேரை எடுத்தார்கள். முன்னாலேயே கேட்டிருக்கலாம்.

கேள்வி: ஃப்ரெஷர் சேரலாமா?

சேரலாம். கற்றுத்தர ஒரு சீனியராவது இருக்கிற அணியாகப் பார்த்து.

கேள்வி: சம்பளம் பேசும்போது...

மேலே பாருங்கள், தயவுசெய்து.

கேள்வி: திங்கள்கிழமை சேர்கிறேன். 80 பேர், ஒரு வருஷத்துக்கு முன் 20 பேராம். முதல் வாரம் என்ன செய்யட்டும்?

வாழ்த்துகள். வாடிக்கையாளர் புகார் வரும் இடத்தில் இரண்டு நாள் உட்காருங்கள். கம்பெனி என்ன விற்கிறது, எது உடைகிறது என்பது அங்கே தெரியும். அப்புறம், யாரைக் கேட்டாலும் "அது அவருக்குத்தான் தெரியும்" என்று ஒரே ஆளைக் கை காட்டுவார்கள். அவரிடம் போய்க் கேட்டு, அவர் சொல்வதை ஒரு பக்கத்தில் எழுதி, அவரிடமே காட்டித் திருத்தி, எல்லோரும் பார்க்கும் இடத்தில் போடுங்கள். உங்களுக்கு அடுத்து சேருகிறவர் முதலில் திறப்பது அந்தப் பக்கமாக இருக்கும்.