கொலுசு வெட்கப்பட்ட கதை

கேள்வி: சேலத்தில் சிவதாபுரம் பக்கம் இருக்கிறோம். வீட்டுக்காரர் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி டிவியில் புதிதாக ஒரு நையாண்டி நிகழ்ச்சி வருகிறது. போன வாரம் ‘சேலம்’ என்று போர்டு மாட்டிய ஒரு கொலுசுக் கடையைக் காட்டினார்கள். “கொலுசு ஏனுங்க செவக்குது?” என்று பெண்ணின் அம்மா கேட்க, “கல்யாணப் பொண்ணு காலாச்சுங்களே, வெக்கப்படுது” என்கிறார் முதலாளி. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அடுத்த காட்சியில், வேலை முடிந்து கிளம்பும் பெண்ணிடம் “சீலையை உதறிட்டுப் போ” என்கிறார். அதற்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நானும் கூலிக்குக் கொலுசுக் கொக்கி மாட்டியவள்தான். இவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். “நம்ம பொழப்பைப் பாத்துச் சிரிக்கிறியா” என்றதோடு சரி, ஐந்து நாளாகப் பேச்சில்லை. பட்டறைக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் நிகழ்ச்சியைத் தடை செய்யச் சொல்லிப் பெயர் சேர்க்கிறார்கள். என் பெயரையும் இவரே சேர்த்துவிட்டார். பிளஸ் டூ படிக்கும் மகன், “காமெடியைக் காமெடியா பாருங்கப்பா” என்று சொல்லி அடி வாங்காத குறை. நான் சிரித்தது தப்பா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகி, சேலம்)

பதில்: தப்பில்லை. உங்கள் கடிதத்தில் அந்த ‘வெக்கப்படுது’ வந்த இடத்தில் நானும் சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரர் என்னவென்று எட்டிப் பார்த்தார். விளக்கிச் சொன்னேன், அவருக்குப் பாதிதான் சிரிப்பு வந்தது. செம்பு கூடி டச் (அதாவது வெள்ளியின் சுத்தம்) குறைந்த வெள்ளி, மேல்பூச்சு போனதும் சிவந்து நிற்கும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அது முழு ஜோக். உங்களுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அதனால்தான் யோசிப்பதற்கு முன்பே சிரிப்பு வந்துவிட்டது.

பொடி வைத்துப் பேசுவது என்கிறோமே, அது உங்கள் பட்டறைப் பேச்சுதான். பற்றவைக்கப் பொடி வைத்து ஊதுகிற வேலையிலிருந்து வந்தது. அந்த நிகழ்ச்சியை எழுதியவரும் பொடி வைத்துத்தான் ஊதியிருக்கிறார். கொஞ்சம் கூடுதலாக ஊதிவிட்டாரா என்பதுதான் உங்கள் வீட்டுச் சண்டை.

உங்கள் வீட்டுக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். நம் சினிமாவில் நாற்காலியில் தூங்காத வாத்தியார் உண்டா? அந்தக் காட்சிகளுக்கெல்லாம் வீட்டில் முதலில் சிரிப்பது அவர்தான். “எங்க ஹெட்மாஸ்டர் அச்சு அசல் இப்படித்தான்” என்பார். ஒரு நாள் டிவி நாடகம் ஒன்றில், சத்துணவு அரிசியை மூட்டையோடு வீட்டுக்குக் கொண்டுபோகும் வாத்தியாரைக் காட்டினார்கள். அப்பா சிரிக்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறவர் மாதிரி எழுந்து போனவர், நிகழ்ச்சி முடிகிறவரை வரவில்லை. தூங்குமூஞ்சி என்றால் பொறுத்துக்கொண்டவரால், திருடன் என்றதைப் பொறுக்க முடியவில்லை.

உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கிறது. உங்களவர் சரியான டச்சில் போடுகிறவர் என்றால், வலி இன்னும் அதிகம். 2021-ல் தங்கத்துக்கு ஹால்மார்க் கட்டாயமானபோது வெள்ளியை விட்டுவிட்டார்கள். கொலுசு வாங்குகிறவர் பெரும்பாலும் கடைக்காரர் வாயைத்தான் நம்பி வாங்குகிறார். நம்பிக்கையை வைத்து ஓடுகிற தொழிலில், போர்டில் ஊர்ப்பெயரையும் எழுதி ஜோக்கடித்தால் சுருக்கென்றுதான் இருக்கும். மகனிடமும் இதைச் சொல்லுங்கள். ‘காமெடியைக் காமெடியா பாரு’ என்பது அடிபடாதவன் சொல்கிற வசனம்.

ஆனால் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது, வெள்ளித் துணுக்கை மறைத்துக்கொண்டு போகிறாளோ என்ற சந்தேகத்தில் உதறச் சொன்ன அந்தச் சேலை. குழுவில் இருப்பவர்கள் அந்த இரண்டாவது காட்சியைப் பற்றி ஏதாவது சொன்னார்களா? கடிதத்தில் இல்லை, சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். நீங்களும் இரண்டே வரியில் தாண்டிவிட்டீர்கள். முதல் காட்சியைக் கூலிக்குக் கொக்கி மாட்டியவளாகப் பார்த்துச் சிரித்தீர்கள், இரண்டாவதையும் அவளாகவே பார்த்து வாயடைத்துப் போனீர்கள். வீட்டுக்காரர் இரண்டையும் முதலாளியாகப் பார்த்தார். ஒரே சோபா, ஒரே டிவி, இரண்டு நிகழ்ச்சி. இதை அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? ‘உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை’ என்று மட்டும் சொன்னால் சமாதானம் சொல்வது போல இருக்கும். உங்களை யாராவது சேலையை உதறச் சொன்னதுண்டா, அன்றைக்கு எப்படி இருந்தது என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் உங்கள் பட்டறையில் சாயங்காலம் என்ன நடக்கிறது என்றும் கேளுங்கள். கோபம் வரலாம். ஐந்து நாள் மௌனத்துக்கு அது எவ்வளவோ மேல்.

உங்கள் மாவட்டத்தில் தெருக்கூத்து இன்னும் நடக்கிறதே, கட்டியக்காரனைப் பார்த்திருப்பீர்கள். ராஜா வருகிறார் என்று கட்டியம் கூறுகிறவனே ராஜாவைக் கேலியும் செய்வான், நடுவில் ஊர்ப் பெரியவரையும் ஒரு இழுப்பு இழுப்பான். அவர் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்துத்தான் ஆக வேண்டும். டிவிக்காரருக்கு அந்த வசதி இல்லை. எதிரே யார் முகம் சுருங்குகிறது என்று அவருக்குத் தெரியாது. என் பார்வையில், முதலாளியைக் கேலி செய்ததில் குற்றமில்லை, ஊர்ப்பெயரை மாட்டியது சோம்பேறித்தனம். லொள்ளு சபா சிரிக்க வைத்தது பெரிய ஹீரோக்களின் படத்தைக் கலாய்த்து. கொலுசுக்கடை அவ்வளவு பெரிய இலக்கில்லை.

சரி, தடை மனு. என்னைக் கேட்டால் வேண்டாம். குழுவில் கோபத்தோடு அந்தத் துண்டு வீடியோவை அனுப்பிக்கொண்டே இருந்தால், பார்க்காதவர்களும் பார்ப்பார்கள், சேனலுக்கு இலவச விளம்பரம். உண்மையிலேயே குறை சொல்ல வேண்டுமென்றால் வழி இருக்கிறது. 2021-ல் கேபிள் டிவி விதிகளில் கொண்டுவந்த திருத்தப்படி சேனலுக்கே எழுதலாம். 24 மணி நேரத்தில் புகார் கிடைத்ததென்று அவர்கள் சொல்ல வேண்டும், 15 நாளில் முடிவு தெரிவிக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் சேனல்கள் சேர்ந்து வைத்திருக்கும் சுயக்கட்டுப்பாட்டு அமைப்புக்குப் போகலாம். தேதி, நேரம், எந்தக் காட்சி, எந்த வசனம் என்று குறிப்பாக எழுதச் சொல்லுங்கள். ‘சேலம் என்ற போர்டை எடுங்கள்’ என்று கேட்டால் கேட்டதற்கு அர்த்தம் இருக்கும். ‘நிகழ்ச்சியையே நிறுத்து’ என்றால் யாரும் படிக்கக்கூட மாட்டார்கள்.

எதை எழுதினாலும், உங்களைக் கேட்காமல் சேர்த்த உங்கள் பெயரை இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். அதற்காகவாவது அவர் உங்களோடு பேசித்தானே ஆக வேண்டும்!