ஒருவர் எழுத, ஐந்து பேர் பெயர் போடும் விக்கி

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு மாணவியர் 60 பேருக்குக் குழந்தைகள் நலச் செவிலியம் நடத்துகிறேன். எங்கள் கல்லூரியில் மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளம் இருக்கிறது. பாடக் குறிப்புகளை ஏற்றிவைக்க மட்டுமே அதைப் பயன்படுத்துகிறோம். அதிலுள்ள விக்கியில், அதாவது பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் பக்கத்தில், வயிற்றுப்போக்கு, நிமோனியா போன்ற தலைப்புகளைக் குழுவாக எழுத வைக்கலாமா என்று யோசிக்கிறேன். ஒருவர் எழுத மற்றவர்கள் பெயர் மட்டும் போட்டுக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது. பலரிடம் கைப்பேசி தவிர வேறு கருவி இல்லை. பேசாமல் தமிழ் விக்கிப்பீடியாவிலேயே எழுத வைத்துவிடலாமா?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. நான் முதல்முறை செய்தபோது அப்படியேதான் நடந்தது. குழுவுக்கு ஆறு பேர், குழுவுக்கு ஒரு பக்கம், இரண்டு வாரம் அவகாசம் என்று கொடுத்தேன். பதின்மூன்று நாள் பக்கம் காலியாகக் கிடந்தது. கடைசி நாள் இரவு பதினொன்றரை மணிக்கு, நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்தி வேறெங்கோ தட்டச்சு செய்து வைத்திருந்ததை மொத்தமாகக் கொண்டுவந்து ஒட்டினாள். அடுத்த இருபது நிமிடத்தில் மற்ற ஐந்து பேரும் வரிசையாக உள்ளே நுழைந்து, ஒருத்தி ஒரு காற்புள்ளி, இன்னொருத்தி ஓர் இடைவெளி என்று தொட்டுவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ரெக்கார்டு நோட்டில் எழுதி வாங்க வேண்டியதைத் திரையில் எழுதி வாங்கியிருந்தேன், அவ்வளவுதான்.

வார்ட் கன்னிங்ஹாம் 1995-இல் முதல் விக்கியைத் தொடங்கியபோது அதன் வழக்கம் எளிமையாக இருந்தது: யார் எழுதியதையும் யாரும் மாற்றலாம். அடுத்தவர் வரியில் கை வைக்க வேண்டிய அவசியம் எழாத வேலைக்கு விக்கி தேவையே இல்லை. ஒரு வேர்டு கோப்பு போதும். நம் மாணவியருக்கோ அடுத்தவர் எழுதியதை அழிப்பது மரியாதைக் குறைவாகப் படுகிறது. “அக்கா எழுதியதை நான் எப்படி மாற்றுவது?” என்று கேட்பார்கள். அந்தத் தயக்கம் போக, வார்டில் இரவுப் பணி முடித்தவர் காலையில் ஹேண்டிங் ஓவர் கொடுக்கும் காட்சியை நினைவூட்டுங்கள். டிரிப்ஸ் ஏறும் வேகம் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால், சீனியர் எழுதியது என்பதற்காக அப்படியே விட்டுவிடுவார்களா? எனக்குத் தெரிந்து இந்த ஓர் உவமை புரிந்ததும் பாதிப் பேருக்குக் கை துணிந்துவிடுகிறது.

ஆகவே ஒரு கெடுவுக்குப் பதில் மூன்று வையுங்கள். ஆறு பேர் கொண்ட குழுவின் பக்கத்தை ஆறு பகுதிகளாகப் பிரித்து, முதல் வாரம் ஆளுக்கு ஒரு பகுதி எழுதட்டும். பிழை இருந்தாலும் பரவாயில்லை, பதினைந்து வரி போதும். இரண்டாம் வாரம் பகுதிகளை ஒரு இடம் நகர்த்திவிடுங்கள்: முதலாமவர் எழுதியதை இரண்டாமவர் திருத்த வேண்டும். குறைந்தது மூன்று மாற்றங்கள். ஒவ்வொன்றுக்கும் எதற்காக மாற்றினேன், எந்த நூலின் எந்தப் பக்கம் ஆதாரம் என்று உரையாடல் பகுதியில் ஒரு வரி. மூன்றாம் வாரம் பக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு குழந்தைகள் வார்டுக்குப் போய், அங்கே நடப்பதற்கும் எழுதியதற்கும் எங்கே இடிக்கிறது என்று பார்த்து வந்து மீண்டும் திருத்த வேண்டும்.

வயிற்றுப்போக்கிலிருந்தே தொடங்குங்கள் என்பேன். ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசலின் மொத்தச் செறிவு லிட்டருக்கு எத்தனை மில்லி ஆஸ்மோல் என்று எழுதச் சொன்னால், பழைய பதிப்பை வைத்திருப்பவர் 311 என்பார். புதியதைப் பார்த்தவர் 245 என்பார். இரண்டும் அச்சில் இருப்பவைதான். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2002-இல் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில் சோடியத்தை 90-லிருந்து 75-ஆகவும், குளோரைடை 80-லிருந்து 65-ஆகவும், குளுக்கோஸை 111-லிருந்து 75-ஆகவும் குறைத்ததால் வந்த வேறுபாடு அது. இதை நீங்கள் வகுப்பில் சொன்னால் ஒரு வரிக் குறிப்பாகப் போய்விடும். இரண்டு மாணவியர் ஒருவர் எண்ணை மற்றவர் அழித்து அழித்து எழுதி, மூன்றாவது ஒருத்தி போய் ஆண்டைத் தேடிக் கண்டுபிடித்தால், பாடநூலுக்கும் வயது உண்டு என்பது அவர்களுக்கு மறக்காது. சில சமயம் நானே இத்தகைய மூன்று பிழைகளைப் பக்கத்தில் விதைத்துவிட்டு, “மூன்று இருக்கின்றன, கண்டுபிடியுங்கள்” என்று அறிவித்துவிடுவேன். கெடு முடிந்த அன்றே அவை நீக்கப்பட்டனவா என்று பார்த்துவிடுங்கள். பக்கத்தைப் படம் பிடித்து வார்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். அதே காரணத்தால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் “கற்பதற்கு மட்டும், மருந்தளவுக்கு இதை நம்பாதீர்கள்” என்று போட்டுவிடுவதும், யூனிட் என்பதை U என்று ஒற்றை எழுத்தாகச் சுருக்குவதற்குத் தடை விதிப்பதும் நல்லது. 10-க்குப் பக்கத்தில் அந்த எழுத்து சுழியாகத் தெரிந்து, இன்சுலின் 100 ஆகிவிடும் ஆபத்து விக்கியிலும் உண்டு.

பக்கம் ஆங்கிலத்தில் இருக்கலாம். தேர்வு அந்த மொழியில்தான். ஆனால் கடைசிப் பகுதி, “தாயிடம் சொல்ல வேண்டியவை”, தமிழில்தான் எழுதப்பட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் மிகச் சூடான திருத்தங்கள் எல்லாம் இங்கேதான் நடக்கின்றன. “நீரிழப்பு” என்று ஒருத்தி எழுதுவாள். அது எந்தத் தாய்க்குப் புரியும் என்று இன்னொருத்தி “உடம்பில் தண்ணீர் வற்றிப்போவது” என்று மாற்றுவாள். “வயிற்றுப்போக்கா, பேதியா” என்று உரையாடல் பகுதியில் ஒரு நாள் முழுக்க வழக்கு நடக்கும். “ஒரு பாக்கெட்டைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கவும்” என்று ஒருத்தி எழுதியதை மூன்று பேர் படித்துவிட்டு நகர்ந்தார்கள். வார்டுக்குப் போய் வந்த நான்காவது மாணவிதான் எவ்வளவு தண்ணீர் என்று கேட்டாள். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலக்கினால் உப்பு ஏறிக் குழந்தைக்கு ஆபத்து. பாதிப் பாக்கெட்டை இப்போதும் பாதியைப் பிறகும் கலக்கக் கூடாது, பேதியின்போது தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, துத்தநாக மாத்திரையைப் பேதி நின்றுவிட்டாலும் நிறுத்தாமல் மொத்தம் 10 முதல் 14 நாள் வரை கொடுக்க வேண்டும் என்று அந்தப் பகுதி அதன்பின் வளர்ந்தது. இரண்டு நோட்டுப் புத்தகங்களில் தனித்தனியாக எழுதியிருந்தால் இந்தக் கேள்வி எழுந்திருக்காது.

கைப்பேசி பற்றிக் கவலை வேண்டாம். பதினைந்து வரி எழுதவும் ஒரு வாக்கியத்தைத் திருத்தவும் அது போதும். அட்டவணை போடுவது மட்டும்தான் தொல்லை, அதைக் கணினி ஆய்வகத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி முடித்துவிடலாம். மூடிலில் விக்கியை உருவாக்கும்போது தனிநபர் விக்கியா கூட்டு விக்கியா என்று கேட்கும். கூட்டு என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு மாற்ற விடாது. குழு அமைப்பில், மற்றக் குழுக்களின் பக்கங்களைப் பார்க்க முடியும், மாற்ற முடியாது என்ற வகையை வையுங்கள். ஒருவர் திருத்திக்கொண்டிருக்கும் இடத்தை மூடில் பூட்டிவைக்கும் என்பதால், முழுப் பக்கத்தையும் திறக்காமல் தன் பகுதியின் “தொகு” இணைப்பை மட்டும் அழுத்தப் பழக்குங்கள். இல்லையென்றால் கெடு நாள் இரவில் உங்கள் கைப்பேசி ஓயாது.

மதிப்பெண்ணுக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் முதல் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. முடிந்த பக்கத்துக்கு மதிப்பெண் போட்டால் பக்கம் கிடைக்கும். யார் செய்தது என்பது தெரியாது. வரலாறு என்ற தத்தலை (tab) திறந்து இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டால், யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்பது பக்கத்திலேயே நிற்கும். 20 மதிப்பெண் என்றால் 12-ஐ அடுத்தவர் பகுதியில் செய்த திருத்தத்துக்கும் அதற்குச் சொன்ன காரணத்துக்கும் கொடுங்கள். சொந்தமாக எழுதிய பகுதிக்கு 5, முழுப் பக்கத்துக்குக் குழுவாக 3. எத்தனை முறை தொகுத்தார், எத்தனை எழுத்து சேர்த்தார் என்று எண்ண மட்டும் எண்ணாதீர்கள். எண்ணினால் காற்புள்ளி அறுவடைதான். ஆளுக்கு இரண்டு திருத்தங்களைப் பார்த்தாலும், ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றால் 60 பேருக்கு ஆறு மணி நேரம் ஆகும். அந்த நேரம் உங்களிடம் இல்லையென்றால் இந்தப் பருவத்தில் ஒரே தலைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நோயாளியின் பெயரை எழுதாவிட்டால் போதும் என்று மாணவியர் நினைப்பார்கள். படுக்கை எண், ஊர், சேர்ந்த தேதி மூன்றும் சேர்ந்தால் அந்த வார்டில் இருந்த யாருக்கும் ஆள் தெரிந்துவிடும். புகைப்படம் கூடவே கூடாது. இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: ஒருமுறை சேமித்தது, பக்கத்திலிருந்து அழித்த பிறகும் வரலாற்றில் இருக்கும்.

தமிழ் விக்கிப்பீடியா? செய்யலாம், முதல் வேலையாக வேண்டாம். சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் 2013-இல் அமின் அசாம் என்ற பேராசிரியர், விக்கிப்பீடியாவின் மருத்துவக் கட்டுரைகளை மேம்படுத்துவதையே நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு விருப்பப் பாடமாக நடத்தினார். அவர்கள் பட்டம் வாங்கும் தறுவாயில் இருந்தவர்கள். ஒரு மாதம் ஒரு கட்டுரையோடு உட்கார முடிந்தது. உங்கள் மாணவியர் இப்போதுதான் குழந்தைகள் வார்டில் கால் வைத்திருக்கிறார்கள். அங்கே எழுதும் வரியை ஏதோ ஓர் ஊரில் ஒரு தாய் அன்றே படித்து நம்பக்கூடும். தவிர, மருத்துவக் கட்டுரைக்கு விக்கிப்பீடியா எதிர்பார்க்கும் ஆதாரம் மீளாய்வுக் கட்டுரையும் சிகிச்சை வழிகாட்டியும். வகுப்புக் குறிப்பையோ ஒரே ஓர் ஆய்வையோ காட்டினால் முன்பின் தெரியாத ஒருவர் நீக்கிவிடுவார், அது முதல் வாரத்திலேயே மனத்தை உடைத்துவிடும். உள்விக்கியில் மூன்று சுற்றுத் திருத்தம் தாண்டிய “தாயிடம் சொல்ல வேண்டியவை” பகுதிகளில் சிறந்த இரண்டை எடுத்து, விருப்பமுள்ள நான்கைந்து பேர் முதலில் மணல்தொட்டி எனப்படும் பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகி, பிறகு கட்டுரையில் சேர்க்கட்டும்.

பருவம் முடிந்ததும் பக்கங்களை அழித்துவிடாதீர்கள். அடுத்த ஆண்டு மாணவியருக்கு வெற்றுப் பக்கம் கொடுப்பதைவிட இவற்றைக் கொடுத்து, எந்த வரி பழசாகிவிட்டது என்று தேடுவதையே முதல் வாரப் பணியாக வைக்கலாம். வயிற்றுப்போக்குப் பக்கத்துக்கு அப்படி ஒரு வேலை ஏற்கெனவே காத்திருக்கிறது: உலக சுகாதார நிறுவனத்தின் கலவை விகிதத்தில் இல்லாத இனிப்புப் பானங்கள் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போட்டுக்கொள்ளக் கூடாது என 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. பழைய பாடநூல்களில் அது இருக்காது.