பழைய சிவப்புக்கல் பதக்கத்தைத் தங்க விலைக்கு வாங்கலாமா?

கும்பகோணத்தில் ஒரு குடும்பத்தார் விற்க முன்வந்திருக்கும் சிவப்புக்கல் பதக்கத்தை, மொத்த எடைக்குத் தங்க விலை கொடுத்து வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி வாங்காதீர்கள்.

தஞ்சை வட்டாரத்துப் பழைய பதக்கங்கள் பல, பின்புறம் மூடி, உள்ளே அரக்கு நிரப்பி, கல்லுக்கு அடியில் மின்னும் தகடு வைத்துக் கட்டப்பட்டவை. ஆகவே தராசு காட்டும் எடையில் அரக்கும் கல்லும் சேர்ந்தே இருக்கும், கல்லின் நிறத்திலும் ஒரு பங்கு அந்தத் தகடு தருவதே. ஈரம் புகுந்தால் தகடு கறுத்துவிடும் என்பதால், தயவுசெய்து கழுவிப் பார்க்க வேண்டாம்.

செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெர்னுயில் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1902இல் வெளியிட்டார். எனவே பாட்டி காலத்து நகை என்பது மட்டுமே கல் இயற்கையானது என்பதற்குச் சான்றாகாது. உருப்பெருக்கியில் வளைந்த கோடுகள் தெரிந்தால் அது செயற்கைக் கல்லே. உருண்டைக் குமிழிகள் மட்டும் தெரிந்தால் கண்ணாடியாகவும் இருக்கலாம். தங்கத்தை எக்ஸ்ரே கருவி மேற்பரப்பில் மட்டுமே அளப்பதால், பின்தகட்டையும் கல்லைப் பிடிக்கும் விளிம்பையும் தனித்தனியே சோதிக்கச் சொல்லுங்கள்.

கோயில்கள் நிறைந்த நம் பகுதியில், அது கோயில் நகையாக இருந்துவிடக் கூடாது என்பதால், பதக்கம் அந்தக் குடும்பத்துக்கு எப்படி வந்தது என்பதை எழுத்தில் பெறுவது மிக அவசியம். நூறாண்டு கடந்த கலைப்பொருளாயின், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அதைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது.