சேர்ந்து நடந்தும் கணவருக்குக் குறைகிறது, எனக்கு ஏன் குறையவில்லை?

கேள்வி: நானும் என் கணவரும் ஆறு மாதங்களாகத் தினமும் காலையில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் முக்கால் மணி நேரம் நடக்கிறோம். வீட்டில் இருவருக்கும் ஒரே சாப்பாடுதான். அவருக்கு ஆறு கிலோ குறைந்துவிட்டது. எனக்கு ஒன்றரை கிலோதான். பாதி வழியிலேயே எனக்கு மூச்சு வாங்குகிறது. இன்னும் அதிக நேரம் நடக்க வேண்டுமா? எடை தூக்கும் பயிற்சி பெண்களுக்கு ஆகுமா?
– 42 வயது வாசகி, கடலூர்

பதில்: நடக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டாம். முதலில், இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினின் அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்துவது எடை அல்ல, அந்த மூச்சு வாங்கல்தான்.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஆண்களில் அது 25 பேர்தான். மாதவிடாயில் இழக்கும் இரும்புச்சத்து உணவின் வழியே முழுமையாகத் திரும்பாததே இதற்கு முக்கியக் காரணம். 100 மி.லி. இரத்தத்தில் ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12 கிராமுக்கும் ஆண்களுக்கு 13 கிராமுக்கும் கீழே இறங்கினால் அது இரத்தசோகை. அந்த நிலையில் தசைகளுக்குப் போதிய பிராணவாயு கிடைக்காமல் இதயம் வேகமாகத் துடிக்க வேண்டியிருப்பதால், உங்கள் கணவருக்குச் சாதாரண நடையாக இருக்கும் அதே வேகம் உங்களுக்குக் கடும் உழைப்பாகிவிடுகிறது. அளவு குறைந்திருந்தால், உதிரப்போக்கு அதிகமாக இருக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரை தந்தால் அதையொட்டிக் காபி, டீ குடிக்காதீர்கள். தைராய்டு குறைபாடும் பெண்களிடமே அதிகம் என்பதால் அந்தப் பரிசோதனையையும் சேர்த்தே செய்துவிடலாம். நடக்கும்போது நெஞ்சு அழுத்தமோ, தாடையிலோ முதுகிலோ வலியோ வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பெண்களுக்கு மாரடைப்பு இப்படியும் வெளிப்படுவதுண்டு.

“ஒரே சாப்பாடு” என்று எழுதியிருக்கிறீர்கள். குழம்பு ஒன்றுதான், ஆனால் கடைசியாக உட்கார்ந்து சாப்பிடும் உங்கள் தட்டில் மீன் துண்டு இருக்கிறதா, வெறும் குழம்பு மட்டும்தானா என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். பல வீடுகளில் முட்டையும் மீனும் பெண்களின் தட்டுக்கு வருவதற்குள் தீர்ந்துவிடுகின்றன.

எடை விஷயத்தில் உங்கள் முயற்சியில் குறையில்லை. ஆண்களுக்குக் கொழுப்பு பெரும்பாலும் வயிற்றின் உட்பகுதியில் சேர்கிறது. அது ஆபத்தானது, ஆனால் நடக்கத் தொடங்கியதும் விரைவாகக் கரையும். மாதவிடாய் நிற்கும்வரை பெண்களுக்கு இடுப்பிலும் தொடையிலும் சேரும் கொழுப்பு தீங்கு குறைந்தது, எளிதில் கரையாதது. கனமான உடல் அதே தூரத்துக்கு அதிக ஆற்றலைச் செலவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். ஆகவே கிலோவை ஒப்பிடாமல் இடுப்புச் சுற்றளவை அளந்து வாருங்கள். உங்களுக்கு 80 செ.மீ.க்குள்ளும் அவருக்கு 90 செ.மீ.க்குள்ளும் இருக்க வேண்டும்.

எடைப் பயிற்சி உங்களுக்குக் கட்டாயம் தேவை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சியையும் குறைந்தது இரண்டு நாள் தசை வலுப் பயிற்சியையும் இருபாலருக்கும் ஒன்றாகவே சொல்கிறது. நீங்கள் இப்போதே 315 நிமிடம் நடக்கிறீர்கள், இல்லாதது இரண்டாவதுதான். ஆண்களைப்போல உடல் முறுக்கேறிவிடும் என்ற அச்சம் வேண்டாம். அதற்குரிய டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் பெண்களிடம் மிகக் குறைவு. மாதவிடாய் நின்றபின் எலும்பு வேகமாகத் தேயும் என்பதால் நாற்பதுகளிலேயே தொடங்குவது நல்லது. இரத்தப் பரிசோதனை முடிந்து மருத்துவர் சரி என்றதும், வாரத்தில் இரண்டு நாள் நடையைப் பாதியாக்கிவிட்டு, கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரில் கைகளை ஊன்றித் தள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களைத் தோளுக்கு மேல் தூக்கி இறக்குங்கள். ஒவ்வொன்றையும் இடைவெளி விட்டு மூன்று சுற்று செய்யலாம். தொடை வலுப்பட்டால் மூட்டின் மேல் விழும் சுமையும் குறையும்.

உங்கள் கணவருக்கும் ஒரு சொல்: எடை குறைந்துவிட்டது என்று அவர் இருந்துவிடக் கூடாது. ஆண்களுக்கு இதய நோய் பெண்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருவதால், நீங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இரத்தப் பரிசோதனைக்குச் செல்லும் அன்றே அவரும் உடன் வந்து இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளட்டும்.