ஆயிரம் பாஸ் எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருமங்கலத்தில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஏரியாப் பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். நம் பக்கத்து சேது எஃப்.சி. 2019இல் இந்திய மகளிர் லீக்கை ஜெயித்த கதையைக் கேட்டு இரண்டு பெண்பிள்ளைகளும் வருகிறார்கள். பந்தைத் தரையில் வைத்து, கோலியிடமிருந்தே தட்டித் தட்டி முன்னால் கொண்டுபோகத்தான் எல்லோரையும் பழக்கினேன். போன மாதம் ஒரு செவன்ஸ் டோர்னமென்டில், அணிக்கு ஏழு பேர் ஆடுகிற ஆட்டத்தில், அரையிறுதியில் தோற்றோம். பந்து முக்கால்வாசி நேரம் எங்கள் காலில்தான் இருந்தது. எதிரணிக்குக் கிடைத்தால் ஒரே அடி, முன்னால் நிற்கும் நெட்டைப் பையனுக்கு. இரண்டு கோலும் அப்படித்தான் விழுந்தன. வெளியே நின்ற பழைய ஆட்டக்காரர், எங்களுக்கெல்லாம் அண்ணன் முறை, “பந்தை வச்சுக்கிட்டுப் பூசை பண்ணவா வந்தீக? கோல் எல்லாம் மூணு பாஸுக்குள்ளதான் விழும், வெள்ளைக்காரன் கணக்கெடுத்தே சொல்லியிருக்கான்” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. பந்தை விடாமல் பாஸ் தட்டுகிற ஸ்பெயின் ஆட்டத்தைப் புகழ்ந்து எழுதியவர் நீங்கள். பந்தை வைத்திருப்பதில் நிஜமாகவே பலன் உண்டா, இல்லை பார்க்க அழகு என்பதோடு சரியா?

எம்., திருமங்கலம்

அன்புள்ள எம்.,

அண்ணன் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. அப்படி ஒரு கணக்கு இருக்கிறது. சார்லஸ் ரீப் என்று ஒருவர், பிரிட்டிஷ் விமானப்படையில் கணக்குப் பிரிவு அதிகாரி. 1950 மார்ச்சில் ஸ்விண்டன் டவுன் ஆடிய ஒரு மேட்சில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தவர், பந்து எங்கிருந்து எங்கே போனது, எத்தனை பாஸில் பறிபோனது என்று குறிக்க ஆரம்பித்தார். அந்தப் பழக்கம் அவரைக் கடைசிவரை விடவில்லை. 1968இல் பெர்னார்ட் பெஞ்சமின் என்ற புள்ளியியலாளரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். கோல்களில் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது, மூன்று பாஸோ அதற்குக் குறைவாகவோ உள்ள நகர்வுகளில் விழுந்தவை என்று அதில் வந்தது. நகர்வு என்றால், பந்து ஓர் அணியிடம் வந்ததிலிருந்து அது முடிகிறவரை உள்ள ஆட்டம். இங்கிலாந்தில் ஒரு கூட்டமே இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு பந்தைத் தூக்கித் தூக்கி முன்னால் அடித்தது.

அதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் உண்டு. ஆட்டத்தில் நடக்கிற மொத்த நகர்வுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் மூன்று பாஸைத் தாண்டுவதே இல்லை, அதற்குள் பந்து பறிபோய்விடும். அதாவது சதவீதமாகப் பார்த்தால், தொண்ணூறு சொச்சம் முயற்சிக்கு எண்பது கோல், மிச்சமிருக்கும் பத்துக்கும் குறைவான முயற்சிக்கு இருபது கோல். எது லாபம் என்று கடை நடத்துகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரீப் வாழ்நாள் முழுக்கக் கணக்கு எழுதியவர். இது அவர் கண்ணில் படவில்லை என்பதை என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை.

2005இல் ஹியூஸ், ஃபிராங்க்ஸ் என்ற இருவர் 1990, 1994 உலகக் கோப்பைகளை வைத்து இதைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். நீளமான நகர்வுகளுக்கு, எண்ணிக்கைக்குத் தகுந்தபடி பார்த்தால், கோல் கூடுதலாகவே வந்தது. ஆனால் அண்ணனுக்கும் அதில் கொஞ்சம் பங்கு இருக்கிறது. அடிக்கிற ஷாட்டில் எத்தனை கோலாகிறது என்று மட்டும் பார்த்தால் குறைந்த பாஸ்தான் முந்துகிறது. காரணம் லேசானதுதான். பந்தைப் பறித்த வேகத்தில் ஓடும்போது எதிரணி இன்னும் தன் இடத்துக்குத் திரும்பியிருக்காது.

இந்த இடத்தில்தான் உங்கள் கேள்விக்கான என் பதில் இருக்கிறது. எதிராளியை அவன் இடத்தை விட்டுக் கிளப்பத்தான் பந்தை வைத்திருக்கிறோம். அவன் கிளம்பினால் பாஸுக்குப் பலன் உண்டு. கிளம்பாவிட்டால் ஆயிரம் பாஸும் வெறும் கால்பழக்கம்.

ஆயிரம் என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. 2022 கத்தார் உலகக் கோப்பை, நவம்பர் 23. ஸ்பெயின் கோஸ்டாரிகாவை 7-0 என்று அடித்தது, ஆயிரத்துக்கும் மேல் பாஸ். டிசம்பர் 6, மொராக்கோவோடு நாக் அவுட். அன்றைக்கும் ஆயிரத்துக்கும் மேல் பாஸ். கூடுதல் நேரமும் சேர்த்து 120 நிமிடத்தில் கோலை நோக்கிப் போன ஷாட் ஒன்றே ஒன்று. 0-0. அப்புறம் பெனால்டியில் அடித்த மூன்றையும் விட்டு வீட்டுக்குப் போனார்கள். பயிற்சியாளர் அதே லூயிஸ் என்ரிக்கே, இடையில் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கோஸ்டாரிகா பந்தைத் துரத்தித் துரத்தி இடைவெளி விட்டது. மொராக்கோ துரத்தவில்லை. அவர்களுடைய அம்ரபாத் நடுவில் நின்று இப்படியும் அப்படியும் நாலெட்டு வைத்ததோடு சரி. முன்னால் பாஸ் ஓடிக்கொண்டே இருந்தது, அவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த இரண்டுக்கும் நடுவில் ஜப்பான் மேட்ச் இருக்கிறது, நம் நேரத்துக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. பந்து ஜப்பானிடம் இருந்தது நூற்றுக்குப் பதினெட்டு கூட இல்லை. 2-1 என்று ஜெயித்தார்கள். முதல் கோலைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். இடைவேளை முடிந்து மூன்றாவது நிமிடம். ஸ்பெயின் கோலி உனாய் சிமோன், நீங்கள் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே மாதிரி, நெருக்கடியிலும் தூக்கி அடிக்காமல் இடது பக்கத்து பேக்குக்கு, அதாவது தடுப்பாட்டக்காரருக்கு, பாஸ் கொடுக்கிறார். ஜப்பான்காரர் ஒருவர் விழுந்தடித்து ஓடிவந்து தலையால் முட்டிப் பறிக்கிறார். பந்து ஜப்பானின் டோவானிடம் வருகிறது, ஒரே அடி, கோல். உங்கள் அரையிறுதியிலும் இப்படி ஒன்று நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பந்தை வைத்திருப்பது தாக்குதல் என்றே எல்லோரும் நினைக்கிறோம். 2010இல் ஸ்பெயின் உலகக் கோப்பையை வென்றபோது ஏழு ஆட்டத்தில் அடித்தது எட்டே கோல். கோப்பை வென்ற எந்த அணியும் இவ்வளவு குறைவாக அடித்ததில்லை. எதிரணிகளிடம் வாங்கியது இரண்டு கோல். நாக் அவுட் நான்கும் 1-0. அழகு அழகு என்று நாம் கொண்டாடியது பெரும்பாலும் தடுப்பாட்டம். எதிராளிக்குப் பந்தே கிடைக்காவிட்டால் அவன் எப்படிக் கோல் போடுவான்? அதிலும் இறுதிப் போட்டியில் நெதர்லாந்தின் ஸ்னைடர் ஒரே ஒரு பாஸில் தன் அணியின் ரோபனைக் கோலிக்கு எதிரே தனியாக விட்டார். ஸ்பெயின் கோலி காசியாஸின் கால் நுனியில் பட்டு பந்து வெளியே போனது. படாமல் போயிருந்தால் அந்த ஆட்டத்தைப் பற்றி நானும் அப்படி எழுதியிருக்க மாட்டேன்.

சரி, நம் தரைக்கு வருவோம். நீங்கள் ஆடிய மைதானத்தை நான் பார்த்ததில்லை, ஆனால் நம் பக்கத்து மைதானங்கள் எப்படி இருக்கும் என்று தெரியும். செம்மண், சரளை, ஒரு மூலையில் காய்ந்த புல், நடுவில் டூவீலர் போன தடம். பையன் கோலுக்கு முதுகைக் காட்டி நின்று பாஸ் வாங்குகிறான். நேராக வந்த பந்து கடைசி நேரத்தில் கல்லில் பட்டு எகிறி முழங்கால் எலும்பில் அடிக்கிறது. அவன் அதை அடக்கிக் கீழே போடுவதற்குள் இரண்டு பேர் மேலே விழுந்துவிடுகிறார்கள். இங்கே பத்துக்கு எட்டு பாஸ் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். தொடர்ந்து பத்து பாஸ் பிசகாமல் போக வேண்டுமென்றால், பத்து முறை முயன்றால் ஒரு முறைதான் நடக்கும். நல்ல புல்தரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து போய்ச் சேருமானால் அதே பத்து பாஸ் பத்துக்கு ஆறு முறை நடக்கும். பையன்களிடம் நீங்கள் கேட்டது அந்தப் புல்தரைக் கணக்கை. செவன்ஸ் மைதானத்தின் நீளத்துக்கு, பின்னால் தொலைக்கிற ஒவ்வொரு பந்தும் கோலுக்கு ஒரே அடி தூரம்.

அதற்காக எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு நாளையிலிருந்து ‘அடிடா’ என்று ஆரம்பிக்க வேண்டாம். பயிற்சி வேறு, டோர்னமென்ட் வேறு. தூக்கி அடித்தே ஆடினால் ஒரு சாயங்காலம் முழுக்க நெட்டைப் பையனும் கோலியும்தான் பந்தைத் தொடுவார்கள், மிச்சப் பேர் ஓடிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அந்த இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் நெருக்கடியில் பந்தை அடக்கித் திரும்பத் தெரிய வேண்டுமென்றால், குறுகிய இடத்தில் தட்டித் தட்டி ஆடித்தான் பழக முடியும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோப்பையைவிட இது முக்கியம் என்றுகூடச் சொல்வேன், அண்ணன் கோபித்துக்கொண்டாலும்.

மேட்சில் மட்டும் ஒன்றை மாற்றுங்கள். உங்கள் கோல் பக்கம் பந்து இருக்கும்போது ஒன்றிரண்டு பாஸுக்கு மேல் வேண்டாம், நெருக்கினால் வெளியே அடிக்கலாம், அதில் கேவலம் ஒன்றுமில்லை. எதிராளி பக்கம் போன பிறகு உங்கள் ஆட்டத்தை ஆடுங்கள், அங்கே தொலைத்தால் பெரிய நஷ்டம் இல்லை. அங்கேயும், பக்கவாட்டில் தட்டும்போது பையன்கள் பந்தைப் பார்க்காமல் எதிர் பேக்குகளைப் பார்க்க வேண்டும். பரோட்டா மாஸ்டர் மாவை வீச வீச எங்கே மெலிகிறது என்று பார்ப்பாரே, அப்படி. மெலிந்த இடத்தில் உடனே பந்தைப் போட்டு ஓட வேண்டும். இன்னொரு பாஸ் என்று ஆசைப்பட்டால் அது மூடிவிடும்.

ஸ்பெயினே அதைத்தான் செய்தது. 2024 யூரோவில், அதாவது ஐரோப்பியக் கோப்பையில், குரோஷியாவை 3-0 என்று ஜெயித்த அன்று பந்து அவர்களிடம் பாதிக்கும் குறைவாகவே இருந்தது. 2008 யூரோ இறுதிப் போட்டிக்குப் பிறகு, 136 போட்டி ஆட்டங்களில், எதிரணியைவிடக் குறைவாகப் பந்தை வைத்திருந்தது அதுதான் முதல் தடவை. யாரும் அழவில்லை. ஒரு ஓரத்தில் லமீன் யமால், மறு ஓரத்தில் நிக்கோ வில்லியம்ஸ், இடம் தெரிந்தால் ஓட்டம். இங்கிலாந்தோடு நடந்த இறுதிப் போட்டியில் முதல் கோல் யமால் கொடுத்து நிக்கோ அடித்தது. முந்தின நாள்தான் யமாலுக்குப் பதினேழு வயது முடிந்திருந்தது. ஏழு ஆட்டமும் ஜெயித்துக் கோப்பையோடு போனார்கள்.

கடைசியாக, அந்த இரண்டு கோலும் விழுந்தபோது நெட்டைப் பையன் பக்கத்தில் உங்கள் ஆள் யார் நின்றார்கள்? கடிதத்தில் அது இல்லை. எல்லோரும் பாஸ் வாங்க மேலே ஏறிப்போயிருந்தார்கள் என்றால் தோல்விக்குக் காரணம் பாஸ் இல்லை, காவல் இல்லாததுதான். அண்ணனையே ஒரு நாள் சாயங்காலம் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பழைய ஆட்டக்காரர், நீளமாக வருகிற பந்து எங்கே விழும், எப்போது எகிறும் என்று நம் தரையில் அவருக்குத் தெரியாதது இருக்காது. ஒரு பையனை நெட்டையனுக்கு முன்னால் நிறுத்தி, அவன் குதிப்பதற்கு முன்பே குதிக்க அவர் சொல்லிக்கொடுக்கட்டும்.